ஆடிக் கிருத்திகை அன்று போட்ட ஊசி

என் அக்கா படிப்பது தெருவுக்கே கேட்கும். கல்லல் பக்கம் எங்கள் ஊரில் வீடுகள் நெருக்கம். விடிவதற்கு முன்பே அவள் குரல் எழும்பிவிடும். ஒரு வரியை எடுத்தால் அது வாயில் பழகும்வரை விடமாட்டாள். எதிர்வீட்டுக்காரி பால் கறந்துகொண்டே, "ஒம் மவ படிக்கிறதக் கேட்டுக் கேட்டு எம் மாடே பரீச்ச எழுதிரும்டி" என்று அம்மாவைக் கிண்டல் செய்வாள். அம்மாவுக்கு அதில் பெருமை தாங்காது.

இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, "எங்க புள்ள புத்தகத்த அப்படியே ஒப்பிக்குங்க" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே ஏதாவது சொல்லிவிடுவேன். அதனாலேயே சொந்தக்காரர்கள் பலருக்கு என்னைப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது என்பதே கிடையாது. முக்கியமான கேள்வி, அதற்குப் பதில், மறுநாள் காலையில் பரீட்சை. அவ்வளவுதான். பதிலைச் சொந்தச் சொல்லில் மாற்றி எழுதினால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். ஒரு தடவை அக்கா எழுந்து, "ஏன் சார் அப்படி ஆகுது?" என்று கேட்டிருக்கிறாள். "ஏன்னு கேட்டா மார்க் கிடையாதும்மா, உட்காரு" என்றாராம் வாத்தியார். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கப்புறம் அவள் ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அது மாத்திரைக்கு அடங்காமல் போய், காரைக்குடி ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். தனக்குத் தானே குத்திக்கொள்ள அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்கு வயலை விட்டால் வேறு ஒன்றும் ஓடாது. நான் ஊசியைப் பார்த்தாலே ஓடிவிடுவேன். ப்ளஸ் டூவில் சயன்ஸ் குரூப் படித்துக்கொண்டிருந்த அக்காதான் எங்கள் வீட்டு டாக்டர். நர்ஸ் சொன்னதை ஆஸ்பத்திரியிலேயே மனதில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களுக்கு ஒப்பித்தாள். காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. ஒரு வேளையும் விடக் கூடாது. இனிப்பு வாயில் படக் கூடாது. ஒரு சொல் பிசகவில்லை. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெற்ற பிள்ளைதானா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அம்மா விரதம் எடுத்தாள். அக்காவுக்கு நல்ல மார்க் வந்து, நர்சிங் படிக்க இடம் கிடைக்க வேண்டும் என்று குன்றக்குடி முருகனிடம் வேண்டுதல். முந்தின நாள் பரணி ராத்திரியே சோற்றை விட்டுவிட்டு, சீனி போடாத பாலை ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் படுத்தாள். கிருத்திகை அன்று வெறும் தண்ணீர்தான். மலையேறி சாமி பார்த்து வீடு திரும்பிய பிறகுதான் சாப்பாடு என்று ஏற்பாடு.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்த அம்மா கேட்டாள்.

"ஏத்தா, நான்தான் இன்னைக்குச் சாப்பிடலையே, ஊசி போடணுமா?"

"ஒரு வேளையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காகம்மா. விட்டா சுகர் ஏறிரும்."

அம்மா சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நாலு பேரும் பஸ் ஏறிப் போனோம். குன்றக்குடியில் காவடிக் கூட்டம் மலையடிவாரத்திலேயே நெருக்கித் தள்ளியது. படியேறும்போதே அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று நினைத்தோம். கொஞ்சம் மேலே போனதும், "எங்கடி என்னைய இழுத்துட்டுப் போறீக?" என்று எரிந்து விழுந்தாள். எங்களைத் திட்டவே தெரியாத அம்மா அவள். பசி எடுத்தால் கோபம் வரத்தானே செய்யும் என்று அப்பா சமாதானம் சொன்னார். அதற்குள் அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. கண் எங்கேயோ போனது. கேட்டதற்குப் பதில் இல்லை, வாய் மட்டும் முணுமுணுத்தது. பக்கத்தில் ஒரு காவடிக்கு மேளம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. அம்மா உடம்பு குலுங்கித் தள்ளாடினாள்.

"ஆத்தாளுக்கு அருள் வந்துருச்சு! அங்குட்டுத் தள்ளி நில்லுங்க!" என்று பின்னால் வந்த ஒரு பொம்பளை கத்தினாள்.

அவ்வளவுதான். கூட்டம் அம்மாவைச் சுற்றி வளைத்துவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். யாரோ ஒருத்தி தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். அம்மா குழறியதைக் காதில் வாங்கி, "தையில ஆகுமாம்" என்று இன்னொருத்தி அர்த்தம் சொன்னாள். அப்பா தன் பெண்டாட்டிக்கு முன்னால் கை கூப்பி நின்றார். நானும் கும்பிட்டேன். அக்கா விம்மி விம்மி அழுதாள். அவளுக்காக எடுத்த விரதம், முருகனே இறங்கி வந்துவிட்டான் என்ற சந்தோஷம் அவளுக்கு.

தொன்னையில் பஞ்சாமிர்தம் வைத்திருந்த ஒரு வயசாளி, "சாமி வாயில கொஞ்சம் வையிங்க" என்று அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனாள். அக்கா பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க, எங்கம்மாவுக்குச் சுகர் இருக்கு. இனிப்பு ஆகாது."

அந்தம்மா தொன்னையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பழமும் வெல்லமும் தேனும்தான் அதில் இருந்தது. அந்த நேரத்தில் அது உள்ளே போயிருந்தால் அம்மா தேறியிருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா துவண்டு விழுந்தாள். "சாமி மலையேறிருச்சு. எழுப்பாதீக, அசந்து படுக்கட்டும்" என்றார்கள். நிழலாகப் பார்த்து அவளைக் கிடத்தி, அப்பா துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவள் தூங்குகிறாள் என்று நம்பி நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் அப்படியே போய்விட்டது. வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளிய பிறகுதான் அப்பா அலறினார். மலையிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கி, அந்தக் கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வெளியேறி, காரைக்குடி போய்ச் சேருவதற்குள் அம்மாவின் உடம்பு ஜில்லென்று ஆகியிருந்தது.

எமர்ஜென்சியில் ஓர் இளவயது டாக்டரம்மா இருந்தார். விரலில் குத்தி ரத்தம் பார்த்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"விரதம் மேடம். நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள் அக்கா.

"ஊசி?"

"கரெக்டா போட்டுட்டேன் மேடம்."

"சாப்பிடாதவங்களுக்கா? இன்சுலின் என்ன செய்யும்னாவது உனக்குத் தெரியுமா?"

கோபத்தில் கேட்ட கேள்வி அது. அக்காவுக்குக் கேள்வி என்றால் கேள்விதான். கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். எங்கள் தெருவுக்கே பழக்கமான அந்தக் குரலில் சொன்னாள்.

"இன்சுலின் என்பது கணையத்தில் உள்ள பீட்டா செல்களால் சுரக்கப்படும் ஹார்மோன் ஆகும். இது இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவைக் குறை…"

அங்கே நின்றுவிட்டாள். திறந்த வாய் மூடவில்லை. எத்தனையோ தடவை சொன்ன வரிதான், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது அவள் காதில் விழுந்தது. டாக்டரம்மா அதற்குள் குளுக்கோஸ் ஏற்றத் திரும்பியிருந்தார். அக்கா அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூளைக்குச் சர்க்கரை எட்டாமல் வெகுநேரம் இருந்துவிட்டது என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றியும் அம்மா கண் திறக்கவில்லை. சில நாள் மூச்சு மட்டும் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

அந்த நாட்களில் டாக்டரம்மாவே அப்பாவையும் என்னையும் உட்காரவைத்து விளக்கினார். சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையை இறக்கத்தான் அந்த ஊசி. சாப்பாடே இல்லையென்றால் உயிரோடு இருப்பதற்கு வேண்டிய சர்க்கரையையும் அது சேர்த்து இறக்கிவிடும். அப்படி இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். என் மரமண்டைக்கே ஒரே தடவையில் புரிந்தது. அட பாவிகளா, இதை அவளுக்கு ஒருத்தராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா!

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அக்கா எடுக்கவில்லை. அப்பா அவள் பக்கம் திரும்பினார். அவர் குத்திக்காட்டவில்லை. அந்த மனிதருக்கு அது தெரியவும் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏத்தா, வேர்க்கும், கை நடுங்கும், உடனே இனிப்புக் குடுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாகளே. அதெல்லாம் ஒங்க பொஸ்தகத்துல போட மாட்டாகளா?"

அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"போட்டிருக்குப்பா," என்றாள். "எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியும்."