தவமலர் மிஸ் பகிடி விடவில்லை

செய்தி எனக்கு ஒரு விளம்பரம்போலத்தான் வந்தது. காலை ஏழு மணியளவில் வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது. நடுவில் தவமலர் மிஸ்ஸின் முகம், மேலே பல்கலைக்கழகத்தின் இலச்சினை, கீழே புதிய மாணவர் அனுமதிக்கான தொலைபேசி இலக்கம். வழமையான விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். அவருடைய படத்தை அவரைக் கேட்காமலே எல்லாவற்றிலும் போடுவார்கள். அரை மணித்தியாலம் கழித்து ஒரு மாணவி அழுதுகொண்டு தொலைபேசி எடுத்த பிறகுதான் படத்தை மறுபடி திறந்தேன். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு மூலையில் இருந்தது. அனுமதி முடிவுத் திகதி அதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

அன்று காலை சல்லிக் கிராமத்தில், தன் வீட்டில், பஸ்ஸுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து போய்விட்டார். வயது ஐம்பத்திரண்டு. முப்பத்தோராம் நாள் கொடுக்கப்போகும் இந்தக் கல்வெட்டில், இந்த நினைவுப் புத்தகத்தில், எழுத வேண்டும் என்று அவருடைய தம்பி என்னைத் தேடி வந்தார். “நல்லவ, வல்லவ எண்டு எல்லாரும் எழுதித் தந்திட்டினம் சேர். நீங்கள் நடந்ததை எழுதுங்கோ” என்றார். நடந்ததை எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் இப்போது சொல்லப்போகிறேன்.

நாங்கள் இருவரும் பத்து வருடம் ஒன்றாக வேலை செய்தோம். கணினியும் தொழில்நுட்பமும் மட்டும் படிப்பிக்கும் தனியார் பல்கலைக்கழகம்; தலைமை கொழும்பில், கிளை வளாகங்கள் ஊரூராக. திருகோணமலை வளாகம் உட்துறைமுகப் பக்கத்தில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. மணமகள் அறையில் பணிப்பாளர் இருக்கிறார். சாப்பாட்டு மண்டபம்தான் கணினிக்கூடம். மழை பெய்தால் இன்றைக்கும் பழைய பருப்புக்கறி மணம் வரும்.

அந்தக் கூடத்தில் வேலை செய்கிற கணினிகள் பன்னிரண்டு. அதற்காக மிஸ் ஒரு நாளும் வகுப்பை நிறுத்தியதில்லை. நிரலைத் தாளில் எழுதவைத்து, பென்சிலால் வரி வரியாக ஓட்டிப் பார்க்கச் செய்வார். விடை பிழைத்த பிள்ளை “சொறி மிஸ்” என்று தொடங்கினால் பொரிந்து தள்ளுவார். “சொறியை அங்கால வை. பிழை எந்த வரியில? அதை முதல் சொல்லு. மன்னிப்பைப் பிறகு கேக்கலாம்.” வாய் பொல்லாத மனுஷி. என் வகுப்பு வாசலில் நின்று, திரையில் ஓடும் வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டு, “படம் நல்லாத்தான் ஓடுது சேர். பாடம் எத்தினை மணிக்கு?” என்று பிள்ளைகள் கேட்கவே சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருடத்துக்கு முன், எங்கள் பட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிற குழு வளாகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. முதல் நாள் பின்னேரம் ஒரு லொறி வந்தது. இன்னொரு கிளை வளாகத்தின் கணினிகள் நாற்பது அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வளாகத்தின் இலக்கம் ஒட்டியிருந்தது. “ஒரு நாள் அலுவல்தானே” என்று பணிப்பாளர் சிரித்தார். விரிவுரையாளர்கள் நாங்கள், படித்த மனிதர்கள், வரிசையாகக் குந்தியிருந்து அந்த ஒட்டுத்தாள்களை நகத்தால் சுரண்டினோம். நானும் சுரண்டினேன். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் குழு வந்தது. அதில் மூத்தவராக இருந்த பேராசிரியர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுகளை எவ்வளவு காலமாப் பாவிக்கிறீங்கள், மிஸ்?” என்று கேட்டார்.

“நேற்றுப் பின்னேரம் வந்தது, சேர். நாளைக்குத் திரும்பிப் போகும்.”

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். “உண்மையா?” என்றார்.

நான் சிரித்தேன். “மிஸ் எப்பவும் இப்பிடித்தான் சேர். பகிடி விடுவா” என்றேன்.

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. அவருக்கும் விளங்கியிருந்தது. விளங்கியதை எழுத அவருக்கும் விருப்பமில்லை. மத்தியானம் கடற்கரை ஹோட்டலில் குழுவுக்கு நண்டுக்கறியோடு சாப்பாடு. அங்கீகாரம் கிடைத்தது. மறுநாள் லொறி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

பிள்ளைகளின் பட்டத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல நாள் கதை சொன்னேன். பச்சைப் பொய். நான் பயந்தது என் வேலைக்கு. அதே வேலைதான் மிஸ்ஸுக்கும் இருந்தது, கலியாணம் ஆகாத தங்கச்சியும் படுக்கையில் தகப்பனும் வேறு. அவர் பயப்படவில்லை.

அந்தக் கிழமையே கன்ரீனில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். பிளேன்ரீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“மிஸ், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“எந்த வரியில பிழை விட்டனீங்கள் சேர்?”

“நிலைமை அப்பிடி, மிஸ். உங்களுக்குத் தெரியும்தானே…”

“அது வரி இல்லை” என்றார். பாதித் தேநீரோடு எழுந்து போனார். அதற்குப் பிறகு நேர அட்டவணையைத் தவிர வேறெதுவும் என்னோடு அவர் கதைத்ததில்லை.

வகுப்புகளை அவரிடமிருந்து பறித்தார்கள். முன்வாசலில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு தொலைபேசி. பட்டப்படிப்பு பற்றி விசாரிக்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அவமானப்பட்டுத் தானாகவே விலகுவார் என்று கணக்குப் போட்டார்கள். மிஸ் விலகவில்லை. கேட்கிற ஒவ்வொருவருக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். “ஓம் அம்மா, படிப்பு இருக்கு. கம்ப்யூட்டர் பன்னிரண்டுதான் வேலை செய்யுது. மகளையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வந்து பாருங்கோ. பாக்காமல் சேர்க்காதேங்கோ.” அந்தத் தாய் வந்தார். மிஸ் அவரை ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய், எது வேலை செய்கிறது, எது செய்யாது என்று காட்டினார்.

நடந்தது என்ன தெரியுமா? அந்தத் தாய் மகளை அங்கேயே சேர்த்துவிட்டார். “இப்பிடி உண்மை சொல்லுற ஒராள் இருக்கிற இடத்தில பிள்ளையை விடலாம்தானே” என்றார். அவரைப்போலப் பலர் வந்தார்கள். எந்த வளாகத்திலும் இல்லாத அளவுக்கு இங்கே பிள்ளைகள் சேரத் தொடங்கினார்கள். தலைமையகத்துக்கு மூக்கில் வேர்த்தது. உண்மை நன்றாக விற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அவருடைய படத்தை எடுத்து ‘நம்பிக்கையின் முகம்’ என்று போட்டு, தெருத்தெருவாகப் பதாகை கட்டினார்கள். படத்தை எடுக்கச் சொல்லி மிஸ் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. “நான் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல வந்து சேருதுகள், பிள்ளை” என்று கன்ரீன் பெண்ணிடம் சொல்லித் தலையில் கை வைத்து அழுததைக் கண்டிருக்கிறேன். அவர் அழுததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

செத்தவீட்டுக்குப் பணிப்பாளர் மலர்வளையத்தோடு வந்தார், படம் பிடிக்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு. “எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டோம்” என்று தொடங்கி, நேர்மை, அர்ப்பணிப்பு என்று பத்து நிமிடம் பேசினார். குடும்பமாம். பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்ற மிஸ்ஸின் தம்பியிடம் படம் பிடிக்கிறவன், “அண்ணை, கொஞ்சம் விலகி நில்லுங்கோ, லோகோ மறையுது” என்றான். அந்த மனிதர், கடலுக்குப் போய் வாழ்கிறவர், விலகி நின்றார். வளாக வாசலில் கட்டிய அஞ்சலிப் பதாகைக்குப் போட்ட மாலையை அடுத்த நாளே நகரத்துத் தெருக்களில் திரியும் மான்கள் தின்று முடித்தன. அந்தப் பதாகைக்கு யாரும் செய்த ஒரே மரியாதை அதுதான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பதிவாளர் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். அங்கீகாரக் குழுவுக்கு அனுப்பும் விரிவுரையாளர் பட்டியல். பாடநெறி இணைப்பாளர் என்ற முறையில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றாவது பெயர் தவமலர் மிஸ்ஸுடையது. முழுநேர விரிவுரையாளர் என்று இருந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் இருத்தி வைத்திருந்த காலம் முழுவதும் இதே பட்டியலில் அவரைப் படிப்பிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களிலும் என் கையெழுத்து இருக்கிறது. வாசிக்காமல் வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். வாசித்துத்தான் வைத்தேன்.

“ஆள் செத்துப்போச்சு” என்றேன்.

“இந்தத் தவணை தொடங்கேக்க இருந்தவதானே, சேர். முதுமாணிப் பட்டம் முடிச்ச ஆள் ஒண்டு குறைஞ்சால் புது மாணவர் அணி எடுக்க ஏலாது.”

“அவ செத்துப்போனா.”

“எங்களுக்கும் கவலைதான் சேர். கவலை வேற, பட்டியல் வேற.”

தாளை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மூன்றாவது பெயரைச் சிவப்பு மையால் வெட்டினேன். பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘இவர் காலமாகிவிட்டார். அதற்கு முன்பும் மூன்று வருடமாக இவரைப் படிப்பிக்க விடவில்லை. சென்ற முறை குழு பார்த்த கணினிகள் இந்த வளாகத்தினுடையவை அல்ல. குழுவிடம் இவர் சொன்னது உண்மை. அதைப் பகிடி என்று சொல்லிப் பொய்யாக்கியவன் நான்.’ கீழே கையெழுத்து வைத்து, தபால் கந்தோருக்கு நடந்து போய்ப் பதிவுத் தபாலில் குழுவுக்கு நேரே அனுப்பினேன். பிரதி ஒன்றைப் பதிவாளரின் மேசையில் வைத்தேன். இரண்டாம் நாள் இனி வர வேண்டாம் என்று எனக்குக் கடிதம் வந்தது.

இதை வீரம் என்று யாரும் எடுத்துவிட வேண்டாம். தம்பலகாமத்துப் பிள்ளை நேற்று என் வீட்டுக்கு வந்தது. “சேர், இப்ப எங்கட பட்டத்துக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டது. தெரியாது என்று சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு இத்தனை வயது தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை கோபத்தோடுதான் போனது. அதன் கோபம் நியாயமானது.

இதை வாசிக்கிற சிலர், மிஸ் எப்போதோ உங்களை மன்னித்திருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொல்ல நினைக்கலாம். தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் என்னை மன்னிக்கவில்லை. மூன்று வருடம் ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில், மன்னிக்காமலே என்னைப் பார்த்துக் கடந்து போனார். அந்தப் பார்வை இல்லாவிட்டால் அன்றைக்கும் நான் கையெழுத்து வைத்திருப்பேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட வேண்டாம்.