அறுபத்தைந்தில் நின்ற நாடி

ஐம்பத்து நான்கு வயதில், வீட்டில் மூன்று அலமாரி கொள்ளப் புத்தகம் வைத்திருக்கும் நான், ஒரு பிளாஸ்டிக் கைப்பட்டைக்குச் சூடம் காட்டியிருக்கிறேன். காட்டிவிட்டுக் கண்ணில் ஒற்றியும் கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை.

அது மின்னுடல் சபையின் பட்டை. ரவாங் பட்டணத்தில் தானியங்கிக் கேட்டுகளைப் பழுதுபார்த்து வந்த ஒருவர் தொடங்கிய சபை. அவருடைய இடது கையில், தோலுக்கடியில், அரிசி அளவில் ஒரு சிப் இருந்தது. கையை நீட்டினால் அவர் வீட்டுக் கதவு திறக்கும். அடுத்தபடியாக எமலோகக் கதவு மூடும் என்றார். சித்தர்கள் தேடிய சாகாத உடம்பு இனி இயந்திரத்தால் கிடைக்கும், மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் ஆவான், அதுவே முக்தி.

நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவர், "சபைக்கு ஒரு வேதம் வேணும் சார். இந்த வட்டாரத்துல தமிழ்ல எழுத உங்கள விட்டா யாரு இருக்கா?" என்றார். வாரப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதிவந்த நகைச்சுவைப் பத்தியை அவர்கள் நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினாறு பக்கத்தில் வேதம் எழுதிக் கொடுத்தேன்.

கோலசிலாங்கூர் பக்கம் என் அக்கா குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில், குமாஸ்தா இருந்த பழைய கிராணி ஆபீஸில் ஞாயிறு காலைகளில் கூடுவோம். இருபது பேர் பட்டை கட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஒவ்வொருவருடைய நாடித்துடிப்பும் சுவரிலிருந்த டிவியில் எண்ணாக ஓடும். நான் வேதம் வாசிப்பேன். கேட்கக் கேட்க மனம் அடங்கி, எண் ஆடாமல் நிற்க வேண்டும். மின்னுடல் கனிந்ததற்கு அதுதான் அடையாளம். யாருக்கும் நிற்காது. வெளியே ஒரு லோரி போனால்கூட எகிறும். யாராவது என் வாசிப்பைப் பாராட்டினால் என்னுடையது நூறைத் தொடும்.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, மட்டும் நின்றது. முப்பது வருஷம் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தது. ஆரம்பத்தில் அவருடைய எண்ணும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபத்தைந்தில் வந்து நின்றது. எழுந்தாலும் நடந்தாலும் படியேறினாலும் அறுபத்தைந்துதான். சபையைத் தொடங்கிய தலைவர் போய் அவர் காலில் விழுந்தார். பின்னாலேயே மற்றவர்களும். நான் சூடம் காட்டியது அன்றுதான். மாமா கூச்சத்தில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்த வாரம் இழுக்கவில்லை.

தலைவர் நாற்பத்தெட்டு நாள் விரதம் அறிவித்தார். பட்டையையே காப்பாகக் கட்டிக்கொள்ள வேண்டும். விதிகளை நான் எழுதினேன். 'காப்புக் கட்டியவர் எல்லை தாண்டலாகாது' என்பது கடைசி விதி. பத்தி சட்டென்று முடிந்துவிட்ட மாதிரி இருந்ததால் ஓசைக்காகச் சேர்த்தது. நான் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. எனக்கு ரவாங்கில் வேலை இருந்தது.

இருபதாம் நாள் அக்கா போன் செய்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரில பேட்டரி செக் பண்ற தேதி. போன தடவையும் போகல. கால் வீங்குது, மூச்சு வாங்குது, ஆனா இந்த மனுசன் அசைய மாட்டேங்கறாரு. நீ படிச்சவன், சொன்னா கேப்பாரு. வா தம்பி."

மறுநாள் காலை போனேன். மாமா வாசலில் நாற்காலி போட்டுக் கோழிகளுக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தார்.

"என் காடியிலயே போய்ட்டு வந்துரலாம் மாமா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பீங்க."

"தோட்டத்து எல்லைப் பாலத்துக்கு அந்தாண்ட எப்படி வர்றது மச்சான்? காப்பு கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாதுல்ல."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு மாமா."

"சாமி காரியத்துல பேச்சுக்குன்னு என்னா இருக்கு?" மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அறுபத்தைந்து. "பாரு, நல்லாத்தான் ஓடுது."

அந்த விதியை எழுதியது நான்தான், அதற்கு ஓசையைத் தவிர வேறு காரணம் கிடையாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முப்பது வருஷமாக எழுதுகிறேன். என் வரியை ஒரு மனிதர் என்னிடமே எடுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைப் பொய்யாக்க மனம் வரவில்லை. டீ குடித்துவிட்டுத் தனியாகக் காரை எடுத்தேன். அக்கா ஆஸ்பத்திரி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

முப்பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, அதே நாற்காலியில், தீனி டின் மடியில் இருக்க, மாமா இறந்துபோனார். ஆம்புலன்ஸில் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். விதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மாமாவுக்கு வைத்திருந்த வகை பேஸ்மேக்கர், பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால், இருப்பதை மிச்சப்படுத்த ஏற்ற இறக்கத்தை நிறுத்திவிட்டு ஒரே கணக்கில் அடிக்கத் தொடங்குமாம். நிமிடத்துக்கு அறுபத்தைந்து. சீக்கிரம் மாற்றுங்கள் என்று அது சொல்லும் முறை. நான் தலையாட்டினேன். சூடம் காட்டிய விஷயத்தைச் சொல்லவில்லை.

எரிப்பதற்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தீயில் வெடிக்கும் என்றார்கள். மனிதன் உலோகம் ஆவான் என்று பதினாறு பக்கம் எழுதியிருந்தேன். கடைசியில் உலோகத்தைத் தனியே எடுத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். தலைவர் அதைச் சபைக்குக் கேட்டுக் கையை நீட்டினார். அக்கா பார்த்த பார்வையில் அந்த சிப் வைத்த கை தானாகக் கீழே இறங்கியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அக்கா குழாயடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"அந்த எல்லை விதிய எழுதுனது நான்தான்க்கா. மாமா அதச் சொன்னப்பகூட நான் வாயத் தொறக்கல. என்னாலதான் போயிட்டாரு."

அவள் கையை நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரி வரிசையில அவரு வெறும் முப்பத்தேழாம் நம்பரு. இங்க காலுல விழுந்தானுங்க. அதான் போகல."

அண்டாவின் அடியைத் தேய்த்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "காப்பு கட்டுனா எல்லை தாண்டக் கூடாதுன்னு தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீ எழுதித்தான் தெரிஞ்சுக்கணுமாக்கும்? நீ வாசிக்க ஆரம்பிச்சாலே அவரு தூங்கிருவாரு லா" என்றாள்.