ஒன்பது பாட்டு இருந்த ஆல்பம்

பெனி, ஜோயல், இதை அம்மாதான் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் தமிழ் பேசுவீர்கள், எழுத்தைக் கண்டால் ஓடுவீர்கள். பரவாயில்லை. எனக்கு இதைத் தமிழில்தான் எழுத வரும், அதுவும் பத்தாவது வரை படித்த தமிழ்.

பேய் பிசாசு என்று எவன் சொன்னாலும் நான் எழுந்து போய்விடுகிற ஆள். நாகர்கோவிலில் கல்லறைத் தோட்டத்துச் சுவரேறிக் குதித்துத்தான் பள்ளிக்கூடம் போனேன், குறுக்கு வழி அது. ஒரு நாளும் ஒன்றும் என் காலைப் பிடித்ததில்லை. இப்போதும் பேயைப் பார்த்தேன் என்று சொல்ல வரவில்லை. நடந்தது பட்டப்பகலில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், டீயும் சமோசாவும் மேஜையில் இருக்கும்போது. ஜோயல், நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டுக் கேள்.

அப்போது பெனிக்குப் பதினொரு வயது, உனக்கு ஐந்து. தலைநகரில், துவாரகாவில் இதே வீடு. அம்மா இதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஜனக்புரியில் ஒரு பேஸ்மென்ட் ஆபீசில் முதலாளி மேடத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காரில் ஏதோ பாட்டு ஓடியது. "இந்த ஆள் மேலே போகும்போது கொஞ்சம் கீழேயே நின்னுடறார் மேடம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சர்ச் பாடகர் குழுவில் பத்து வருஷம் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடின காது, சும்மா இருக்குமா? மேடம் அதை மனதில் வைத்திருந்து, அடுத்த மாதமே கார் சாவியை வாங்கிக்கொண்டு ஹெட்போனைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த ஆபீஸின் வேலை இதுதான். வெள்ளிக்கிழமை தோறும் உலகம் பூராவும் புது ஆல்பங்கள் வெளியாகும். அவற்றைக் கேட்டு, நல்லதைப் பொறுக்கி, நான்கு டப்பாவில் போட வேண்டும். நாங்கள் டப்பா என்றுதான் சொல்வோம். சோல் என்றால் சர்ச்சில் பழகின தொண்டை காதலைப் பாடுவது. ஃபோக் என்றால் ஊர்ப்பாட்டு, ஒரு கிட்டார் போதும். ப்ளூஸ் என்றால் துக்கத்தையே தாளம் போட்டுப் பாடுவது. கன்ட்ரி என்றால் லாரி, குதிரை, விட்டுவிட்டுப் போன மனைவி. ஒரு ஆல்பத்தில் மூன்று பாட்டு, ஒவ்வொன்றிலும் முதல் அரை நிமிடம் கேட்போம், அவ்வளவுதான். பிடித்தால் டப்பாவில் விழும், எங்களிடம் பாட்டு வாங்குகிற ஓட்டல்களிலும் ஜனங்களின் போனிலும் ஓடும். பிடிக்காவிட்டால் தள்ளுபடி. தள்ளினால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி ஆபீஸை விட்டு வெளியே போகாது.

வெளியே போகாது என்பதால்தான் நாங்கள் அதில் விளையாடினோம். சாயங்கால டீயின்போது அவரவர் எழுதின வரியை உரக்கப் படிப்போம். எந்த வரி அதிகமாகக் கடிக்கிறதோ அதை எழுதினவருக்கு முதல் சமோசா. என் பக்கத்து நாற்காலி குல்ஷன், பஞ்சாபி. "இது பாட்டில்லை, பல்வலி" என்று எழுதுவான். நான் அவனை ஜெயிப்பேன். ஏதோ ஒரு ஊரில் ஒருவன் வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த ஆல்பத்தை அரை நிமிடம் கேட்டுவிட்டு, அவனை அறுத்துப்போட ஒரு வரி தேடுவேன். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. உங்களுக்கு நல்லது சொல்லித்தர வேண்டிய அப்பா எழுதுகிறேன், அதனால் இதை மறைக்கவில்லை.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை. ஊரெல்லாம் புகை, உங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அன்று வந்த புது வெளியீடுகளில் ஒன்றுக்குப் பாடகர் பெயர் இல்லை, ஆல்பத்துக்கும் பெயர் இல்லை. படத்துக்குப் பதில் வெறும் சாம்பல் நிறம். ஒன்பது பாட்டு. ஒரு கிழவர், ஒரு கிட்டார், இங்கிலீஷ். குரல் பழைய கேட் மாதிரி கிறீச்சிட்டது. இழுப்பது ப்ளூஸ் மாதிரி, மெட்டு ஃபோக் மாதிரி, எந்த டப்பாவிலும் உட்காரவில்லை. தள்ளினேன். காரணம் இந்தியில் எழுதினேன்: தொண்டை இருக்கிறவர்கள் பாடட்டும்.

முதல் சமோசா எனக்குத்தான்.

அந்தச் சமயத்தில், பெனி, கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாட உன்னைத்தான் எடுத்திருந்தார்கள். வீட்டில் தினமும் பயிற்சி. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நீ பாட ஆரம்பித்தால் மேல் வீட்டு சர்தார்ஜி டிவியின் சத்தத்தைக் குறைப்பார். அம்மா டூட்டி முடிந்து அலுத்து வந்தாலும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்பாள். இந்தப் பிள்ளை ஒரு நாள் பெரிய பாடகியாகும் என்று நாங்கள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலேயே இரண்டு பேரும் அதை நம்பித்தான் இந்த ஊரில் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆல்பம் திரும்ப வந்தது. அன்றைய தேதி போட்டு, புது வெளியீடாக. எட்டுப் பாட்டு. முதல் பாட்டைக் காணவில்லை. இந்தத் தடவை ஆல்பத்துக்குப் பெயர் இருந்தது. நான் எழுதின வரிதான் பெயர். நான் செய்த எழுத்துப்பிழையோடு.

குல்ஷன் எட்டிப் பார்த்துவிட்டு, "அரே பாயி, உன் மச்சானா? பாட்டை உள்ளே நுழைக்க இது என்ன டிராமா?" என்றான். மேடமும் ஒரு மாதிரி பார்த்தார். நான் அனுப்பினவரைத் தேடினேன். அந்த முகவரிக்கு மெயில் போட்டால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. போட்டுக் கேட்டேன். அதே மெட்டு, அதே கிட்டார். ஆனால் பாடுவது கிழவர் இல்லை, ஐம்பது வயது ஆள் மாதிரி குரல். தள்ளிவிட்டேன். ஏற்றால் என் ஆள் என்றுதானே சொல்வார்கள்?

மறுநாள், பெனி, நீ ஒரு பாட்டின் நடுவில் நின்றுவிட்டாய். வரிகளை மறக்கவில்லை. வரிகளைச் செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னாய், ராகம் மட்டும் வரவில்லை. அம்மா உன் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "இந்தப் பொகைல தொண்ட என்னத்துக்கு ஆகும்? ஆவி பிடிச்சா செரியாவும்" என்றாள். நியாயமான பேச்சு. ஊரே இருமிக்கொண்டிருந்தது.

நம்பினால் நம்புங்கள், அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அது ஏழாக வந்தது, ஆறாக வந்தது, ஐந்தாக வந்தது. ஒவ்வொரு தடவையும் குரல் இளமையாகிக்கொண்டே வந்தது. நாற்பது வயது, பிறகு முப்பது, பிறகு இருபது. ஒவ்வொரு தடவையும் நான் தள்ளினேன். அதற்குள் இது எனக்கு ரோஷமாகிவிட்டது, யாரோ என்னோடு விளையாடுகிறான், நானா அவனா பார்ப்போம் என்று. வீட்டில் வாரத்துக்கு ஒரு பாட்டு உன் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? யாருக்குத் தோன்றும்?

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

டிசம்பர் முதல் ஞாயிறு, சர்ச்சில் ஒத்திகை. ஆர்கன் இரண்டு தடவை ஆரம்பித்து நின்றது, நீ வாயைத் திறந்தபடி நின்றாய். மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவமானம் பொங்கியது. நான் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "தொண்டை இருக்கிறவங்க பாடட்டும், நீ போய் உக்காரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வரி என்று எனக்கே உறைத்தது. நீ அழவில்லை. இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாய். அம்மா மெதுவாக, "என்ன மனுசன் நீங்க, பெத்த பிள்ளையப் போயி..." என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது நான்கு பாட்டு. பாடியது ஒரு சின்னப் பெண். நான் அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை. எங்கே கேட்டுவிடுவேனோ என்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பாட்டு. அன்று கடைசி வரை கேட்டேன். பெனி, அது நீ. உன்னைப் போல ஒரு குரல் என்று நான் சொல்லவில்லை. மேலே போகும் இடத்தில் கொஞ்சம் மூக்கால் பாடுவாயே, அது இருந்தது. கிட்டார் இல்லை, வெறும் குரல். முதல் பாட்டு முடிந்ததும் பின்னால் ஒரு குக்கர் விசில் அடித்தது. பிறகு உன்னை மக்களே என்று கூப்பிடுகிற அம்மாவின் குரல்: "சத்தமாப் பாடு மக்களே, செவருக்கா வெக்கப்படுக?" உடனே நீ சிரித்துவிட்டு அடுத்த பாட்டை எடுத்தாய்.

குல்ஷனைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன், எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று. அவன் கேட்டான். வாயில் ஏதோ கேலி தயாராக வைத்திருந்தவன் அதைச் சொல்லவில்லை. "யார் பாயி இந்தக் குழந்தை? இதைத் தள்ளினால் நீ கல்" என்றான்.

தள்ளத் தள்ளத்தானே குறைகிறது, ஏற்றுக்கொண்டால் நின்றுவிடும், மிச்சம் மூன்று பாட்டாவது என் பிள்ளைக்குத் தங்கும். என் புத்திக்கு எட்டின கணக்கு அதுதான். ஃபோக் டப்பாவில் போட்டு, ஏற்கிறேன் என்று அழுத்தினேன். திரையில் பச்சை விழுந்தது. வெளியாகிவிட்டது. எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது, அன்று சிரித்துக்கொண்டே மெட்ரோவில் வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள், நீ ஹாலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாய். குக்கர் விசில் அடித்தது. அம்மா உள்ளேயிருந்து, "சத்தமாப் பாடு மக்களே, செவருக்கா வெக்கப்படுக?" என்றாள்.

முந்தின நாள் நான் ஹெட்போனில் கேட்ட அதே சொல், அதே இழுப்பு. அங்கே அதற்குப் பிறகு நீ சிரித்தாய், பாடினாய். இங்கே நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

"வரலைப்பா" என்றாய்.

மிச்சம் மூன்றும் போய்விட்டிருந்தது. ஏற்றதால் போனதா, தள்ளியிருந்தால் இன்னும் இரண்டு வாரம் தங்கியிருக்குமா, ஆரம்பத்திலேயே அந்தக் கிழவரை ஏற்றிருந்தால் எதுவுமே போயிருக்காதா, எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், எல்லாம் நார்மல் என்றார். கிறிஸ்துமஸுக்கு வேறொரு பிள்ளை பாடினாள். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய்.

அந்த ஆல்பம் ஓடியது, அப்படி ஓடியது. வெளியானதில் குக்கர் விசிலும் அம்மாவின் குரலும் இல்லை, பாட்டு மட்டும்தான். அந்த மாதம் எங்கள் பட்டியலில் அதிகம் கேட்கப்பட்டதே அதுதான். மேடம் எல்லாருக்கும் முன்னால் என் தோளைத் தட்டினார். எடுத்துவிடுங்கள் மேடம் என்று கெஞ்சினேன். "அச்சா, ஏன்?" என்று கேட்டார். என்ன சொல்வது? என் மகளின் குரல் என்றா? உன் மகளைக் கூட்டிவந்து பாடச் சொல் என்பார். அந்த மாதமே வேலையை விட்டேன். ஏன் விட்டேன் என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள், இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள். எஸ்தர், நிறுத்தாமல் படி.

இப்போது ஏர்போர்ட்டில் டாக்சி ஓட்டுகிறேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது, நடந்ததை நானே பாதி சந்தேகப்படத் தொடங்கியிருந்தேன். போன மாதம் நாம் மூன்று பேரும் கோல் மார்க்கெட் போகிற வழியில், மெட்ரோவில் குல்ஷன் எதிர்ப்பட்டானே, பெனி, அவன் உன்னிடம் போனில் ஏதோ காட்டிவிட்டு இறங்கிப் போனானே. நீ ஒரு இயர்போனை உன் காதிலும் இன்னொன்றை என் காதிலும் வைத்தாய். அந்த ஆல்பம்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாய்.

"அப்பா, இந்தப் பொண்ணு எவ்வளவு அழகா பாடுறா! யாருப்பா இவ?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"குல்ஷன் அங்கிள் சொன்னாங்க, இந்த ஆல்பத்தை நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே. தேங்க்யூ அப்பா" என்றாய்.

அதிலிருந்து தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அதைத்தான் கேட்கிறாய். நான் கதவோரம் நின்று பார்ப்பேன், உனக்குத் தெரியாது. நீ உதட்டை அசைக்கிறாய், சத்தம் வருவதில்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பெனி, அந்தப் பெண் பாட்டில் எங்கே மூச்சு எடுக்கிறாளோ, அதற்கு ஒரு கணம் முன்னாலேயே உன் தோள் உயர்கிறது.