ஆம்பளை டிக்கெட் ஒன்று

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. அதனால் இன்று காலை ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்கு டவுன் பஸ்.

பெண்களுக்கு ஓசிப் பயணம் கூடாது என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே கொள்கையோடு இருபது ரூபாயை நீட்டினேன்.

கண்டக்டர் வாங்கவில்லை. “பொம்பளையளுக்கு ஃப்ரீ டிக்கெட்தாம்மா.”

“நான் சம்பளம் வாங்குதேன். என் டிக்கெட்டுக்கு நாந்தான் குடுக்கணும்.”

“குடுத்தே ஆவணும்னா ஆம்பளை டிக்கெட்தான் அடிக்க முடியும். செக்கிங் வந்து ஆம்பளை எங்கன்னு கேட்டா யாரக் காட்டுவீய?”

பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் நோட்டைப் பைக்குள் திரும்ப வைக்க மனம் வரவில்லை. கொள்கை ஆயிற்றே.

பக்கத்து சீட்டில் பீடிக்கட்டுப் பையை மடியில் வைத்திருந்த அக்கா, முன்னால் நின்றவரைக் கைகாட்டினார். “எங்க வீட்டுக்காரரக் காட்டுங்க. அவுகளுக்கு எடுத்துருங்க.”

“அவருக்கு நான் எதுக்கு எடுக்கணும்?” என்றேன்.

“எனக்கு ஓசின்னு ஆனதுலேர்ந்து அவுக டிக்கெட்டு என் பீடிச் சம்பளத்துலதான். ‘ஒனக்குத்தான் பஸ் காசு மிச்சமாவுதுல்லா, எனக்கு எடு’ன்னு சொல்லுதாவ. இன்னிக்கு ஒருநாளாவது தப்பிச்சுக்கிடுதேன்.”

கண்டக்டர் நோட்டை வாங்கி, டிக்கெட்டை அடித்து அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். அவர் திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பெண்களின் இலவசப் பயணத்தை இத்தனை நாள் எதிர்த்துவந்த நான், ஆண்களுக்கான இலவசப் பயணத்தை இன்று ஆய்க்குடி பஸ்ஸில் தொடங்கி வைத்திருக்கிறேன்.

திட்டத்துக்கு நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள்.