புது மோட்டர்

கொக்குவிலில் மின்சாதனம் திருத்தும் கடையொன்றில், பழுதான மின்விசிறியோடு காத்திருந்தபோதுதான் அந்த அக்காவைக் கண்டேன். மெலிந்த உருவம். விரல்கள் சேலைத்தலைப்பை முறுக்கியபடியே இருந்தன.

"இண்டைக்கு உழுந்து அரைக்காட்டி நாளைக்குக் கடையளுக்குத் தோசை குடுக்கேலாது, தம்பி," என்று என்னிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

திருத்துபவன் அவருடைய கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தான். "பழைய மோட்டர் எரிஞ்சு போச்சு. புதுசு போட்டிருக்கு அக்கா."

அவர் அடிமூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே மோட்டரில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. கொண்டுவர முன்னர் வீட்டில் அவரே வைத்த அடையாளம்.

"புது மோட்டருக்குப் பொட்டும் வைச்சே தம்பி அனுப்புறவை?"

அவன் தலையைச் சொறிந்தான். திருத்துகூலியை மட்டும் வாங்கினான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாசலில் மறித்துக் கேட்டேன்: "பிறகேன் அக்கா உவனிட்டை வாறியள்?"

"பொய் சொல்லுவான்தான். ஆனா உவன் திருத்தினா ஓடும்."

அவர் போய்விட்டார். மின்விசிறியைக் கொடுக்க மனமும் இல்லாமல், திருப்பிக் கொண்டுபோகத் துணிவும் இல்லாமல் நான் நின்றேன்.