லைசென்ஸ் வராத மாதங்கள்

என் வீட்டுக்காரர் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு போட்டதை அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமே மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். நான் அப்போது ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என் கால் நடுங்குவது தெரிந்துவிடும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். கை கோணலாகப் போய்விட்டது, பிறகு உட்கார்ந்து முழுசாகப் பிரித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. அவர் பதினேழு வருஷம் மிலிட்டரியில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். வந்ததும் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. எல்லையில் துப்பாக்கி பிடித்தவர் கையில் ஒரு தடியையும் விசிலையும் கொடுத்து லாரி நம்பர் எழுதச் சொன்னார்கள். டிரைவர் பையன்கள் "யோவ் வாட்ச்மேன்" என்று கூப்பிட்டதை வீட்டில் வந்து சொல்லமாட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார், அதில் எனக்குத் தெரிந்துவிடும்.

அவரோடு மிலிட்டரியில் இருந்த ஒருவர்தான் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டார். நகைக்கடைகளிலும், பணம் ஏற்றிப் போகும் வண்டிகளிலும் சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ் வைத்திருக்கும் ஆளைத்தான் தேடுகிறார்களாம். சம்பளம் இரண்டு மடங்கு. யூனிஃபார்ம். எல்லோரும் 'சார்' என்பார்களாம். கேட்ட நாளிலிருந்து இவருக்கு நிலைகொள்ளவில்லை.

நல்ல விஷயம்தானே, இதில் நடுங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. பத்து மணிக்கு ஒரு மீன்பிடிக்காரர் அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். காசிமேட்டில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய பாறைகள் இருக்கிறதே, அதில் கடைசிப் பாறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

"இன்னாக்கா, வூட்ல எதுனா சண்டையா? ஆளு மொகமே சரியில்ல. அதான் இட்டாந்துட்டேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அந்தப் புண்ணியவான் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்: "அப்டியே எறங்கிப் போய்டலாம்னு தோணிச்சிமே. அந்தாளு வந்து பீடிக்கு நெருப்பு கேட்டான். குடுத்தேன். பேசிகினே கூட வந்துட்டேன்."

ஒரு பீடிக்கு நெருப்பு. அவ்வளவில்தான் என் தாலி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "எனக்கு இன்னா பைத்தியமா?" என்று ஒரே கத்தல். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூட. ஆனால் ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிஷம் தாமதமானாலும் நான் மூன்று மாடி இறங்கி, செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப் வரை போய் நிற்பேன்.

பாறை வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். போகிற வழியில் யாராவது நெருப்பு கேட்கலாம். துப்பாக்கி வந்தால் அது பீரோவில் இருக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும். நடுவில் யார் வந்து என்ன கேட்பார்கள்? இதுதான் என் பயம். இதை எப்படி வாயைத் திறந்து சொல்வது?

லைசென்ஸ் என்றால் சும்மா வராது, போலீஸ் வீடு தேடி வந்து விசாரித்து ரிப்போர்ட் எழுதினால்தான் வரும் என்று பிறகு தெரிந்தது. விசாரணைக்குக் கான்ஸ்டபிள் வந்த நாளில் நான் லைனிங் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். அவர் யார்டில்.

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. காக்கிச்சட்டை மாடி ஏறி யார் பேரையாவது சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை. அவ்வளவுதான். எதிரிலேயே அந்த ஆள் லுங்கியோடு உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் இல்லை. ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, நான்கு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நான் திரும்பி வந்தபோது எதிர் வீட்டு அக்கா படியிலேயே மடக்கிவிட்டாள். முகமெல்லாம் பெருமை.

"போலீஸ்காரன் ஒருத்தன் உன் வூட்டுக்காரரைக் கேட்டுகினு வந்தான். அந்தாளு காலி பண்ணிகினு போய் ரெண்டு வருசமாச்சி, மீஞ்சூர் பக்கம் எங்கியோ கீறாருன்னு டபாய்ச்சி அனுப்பிட்டேன். கீழ் வூட்டுக்காரனும் அதையே சொன்னான். நீ ஒண்ணும் பேஜாராவாத. இன்னா கேஸு?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளை உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்து ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இவளுக்கு என்ன ஆச்சு என்பதுபோலப் பார்த்தாள். வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை.

மூன்று மாதம் கழித்து அவரே லைசென்ஸ் ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். மனுதாரர் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை என்று ரிப்போர்ட் வந்து மனுவை மூடிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "என் வூட்லயே நான் இல்லியாம்" என்று ஒரு முறை சொன்னார். கத்துகிற மனுஷனைச் சமாளிக்கலாம், இப்படி உட்காருகிறவரை என்ன செய்வது?

மறுபடி மனு போட்டார். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீடாகப் போய், போலீஸ் வரும், இது கேஸ் இல்லை, என் வேலைக்காக, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மனுஷன் யாரிடமும் எதற்கும் போய் நிற்காதவர். அவர் வாசல் வாசலாக நிற்பதை மாடியிலிருந்து பார்த்தபோது, இந்த வேலை இவருக்குக் கிடைக்கட்டும் என்றும் இருந்தது, அந்தச் சனியன் வீட்டுக்குள் வரவே கூடாது என்றும் இருந்தது.

இரண்டாவது முறை வந்தவர் ஒரு ஏட்டு. நரைத்த மீசை, முட்டி வலி, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினார். எங்கள் பிளாக் ஜனங்களுக்கு எதிலும் அளவு தெரியாது. போன தடவை ஆளே இல்லை என்றவர்கள், இந்தத் தடவை அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள்.

"தங்கம் சார் அவரு. ஈ எறும்புக்குக்கூட துரோகம் நெனைக்க மாட்டாரு" என்றாள் எதிர் வீட்டு அக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மீஞ்சூருக்குப் போனவர்தானே அம்மா இவர் என்று ஏட்டு கேட்டதும் அவள் சமையலறை ஞாபகம் வந்து ஓடிவிட்டாள்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. வீட்ல தகராறு, குடி, கோவம், ஏதாவது உண்டா?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மிலிட்டரியில் நிற்கிற மாதிரி நேராக நின்றிருந்தார். "ஒண்ணுமில்லை சார்" என்றேன். ஏட்டு எழுதிக்கொண்டார்.

ஏட்டு இறங்கிப் போனதும், பால் வாங்கி வருகிறேன் என்று நானும் இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் பாறையைச் சொன்னேன், பீடியைச் சொன்னேன். என் வாழ்க்கையில் இதை நான் முதன்முதலாகச் சொன்ன ஆள் ஒரு போலீஸ்காரர். எங்கள் பிளாக்கில் பிறந்து வளர்ந்த எனக்கு, சொந்தப் புருஷனைக் காக்கிச்சட்டையிடம் காட்டிக்கொடுத்தோமே என்று உடம்பெல்லாம் வேர்த்தது.

"எழுதிக் குடுத்துடும்மா. உடனே நிறுத்திடுவாங்க" என்றார்.

"எழுதினா அவருக்குத் தெரியுமா?"

"மனு தள்ளுபடின்னா காரணம் கேப்பாரு. சொல்லித்தான் ஆகணும். அப்புறம் எங்கேயும் செக்யூரிட்டி வேலைக்குக் கஷ்டம்."

"அய்யய்யோ, வேணாம் சார். எழுதிட்டா அவமானத்துலயே போயிடுவார். எழுதலைன்னா... ஐயா, நான் என்னதான் பண்றது?" படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எழுதியிருந்த தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்தார். "என் மேஜையில பெரிய குவியல் இருக்கு. இது அடியில கெடக்கட்டும். எவ்வளவு நாள்னு என்னால சொல்ல முடியாது. அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணும்மா."

அடியில் கிடந்தது எட்டு மாதம். சாதாரணமாக அரசாங்கம் இழுத்தடிக்கிறது என்று ஊரே திட்டும். நானோ, ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் குவியல் இன்னும் உயரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஊசி விரலில் இறங்கும். இவர் வாராவாரம் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போவார். ஏட்டு வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று இவர் திரும்பி வரும்வரை எனக்கு உயிர் இருக்காது. வந்து, "இன்னும் வர்லியாம்" என்பார். சோறு போடுவேன். சாப்பிடுவார். வழி பண்ணு என்று அந்த மனுஷர் சொன்னாரே, நான் என்ன வழி பண்ணினேன்? ஒன்றும் பண்ணவில்லை. வாயைத் திறக்கப் பயந்துகொண்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் சுறுசுறுப்பானவர், குவியலை ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டார். லைசென்ஸ் புத்தகம் வந்தது. அவர் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி. இன்ன தேதிக்குள் துப்பாக்கி வாங்கவேண்டும் என்று கெடு போட்டிருந்தது.

"நீயும் வா" என்றார். அண்ணாசாலைப் பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. கடைக்காரர் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து எண்ணெய் துடைத்து அவர் கையில் கொடுத்தார். மிலிட்டரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் கை டீ டம்ளர் பிடித்தால்கூட நடுங்கும். அந்தத் துப்பாக்கியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. விரல் ஒன்றுகூட அசையவில்லை. பாறையில் உட்கார்ந்திருந்தபோதும் இந்தக் கை இப்படித்தான் இருந்திருக்குமோ?

"பில் போட்டுடலாமா சார்?"

"எனக்கு பயமா கீது" என்றேன். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இன்னாத்துக்கு? உன்னையா சுடப்போறேன்?"

"என்னைய சுட்டாத்தான் பரவால்லியே! உனக்காகத்தான்யா பயப்படுறேன். எனக்கு அந்த வேலையும் வேணாம், சம்பளமும் வேணாம். நீ இருந்தா போதும்!" கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை.

அவர் துப்பாக்கியை மெதுவாகக் கண்ணாடி மேஜையில் வைத்தார். குழல் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். "வேணாங்க. வூட்ல ஒத்துக்கலை" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வரவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும்தான்மே பயம். திங்கக்கெழமை திங்கக்கெழமை ஸ்டேஷனுக்குப் போவேன்ல, இன்னும் வர்லன்னு அந்த ஏட்டு சொன்னாத்தான் எனக்கு அன்னிக்கு சோறே எறங்கும்."

நடுரோடு என்றும் பார்க்காமல் அவர் தோளில் ஒன்று வைத்தேன். இன்னொன்றும் வைத்தேன். "பாவி! இத்தினி மாசம் நான் செத்து செத்துப் பொழச்சேனே, அதை ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாயா?"

அவர் அடியை வாங்கிக்கொண்டு நின்றார். "நீ மட்டும் சொன்னியா?" என்றார்.