இரண்டாவது துவக்கு

எங்கள் வீட்டில் ஒரு துவக்கு ஏற்கெனவே இருந்தது. இரண்டாவதாக எதை வாங்குவது என்பதில்தான் எனக்கும் என் மனுசனுக்கும் மூன்று கிழமை முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஜேர்மனியின் ஹம் நகரத்தில் அப்போது இருந்த தமிழ்ச் சனம், ‘அகதியாய் வந்த இடத்தில இவைக்கு ஒரு துவக்குக் காணாதாம், இன்னொண்டு கேக்குதாம்’ என்று பகிடி பண்ணியது. பண்ணட்டும். பத்து மீற்றர் தூரத்தில் தொங்கும் கடதாசியின் நடுவட்டத்தில் சுட அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

முதலாவது வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு ஜேர்மன்காரி இருந்தாள். என் வயதுதான். பஸ் ஓட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்குச் சுடுகிற கழகமொன்றுக்குப் போவாள், ஒருநாள் எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் பின்னேரமானால் கரப்பந்து அடிக்கப் போவது மாதிரி இந்தப் பக்கத்தில் துவக்குச் சுடப் போவார்கள். தாய், தகப்பன், பிள்ளைகள் என்று குடும்பமாகப் போய், சுட்டு முடிய உட்கார்ந்து கேக்கும் கோப்பியும். அங்கே இருந்தவை காற்றுத் துவக்குகள். பயறளவு ஈயக்குண்டு, ‘டக்’ என்றொரு சத்தம், அவ்வளவுதான். சீலைக்கு மேலே குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு நான் சுட்ட முதல் பத்தில் ஆறு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. என் மனுசன் சுட்டதில் ஒன்றுகூடக் கடதாசியில் படவில்லை. “காத்து மாறி அடிச்சுப்போட்டுது” என்றார், நாலு பக்கமும் சுவர் வைத்த மண்டபத்துக்குள் நின்றுகொண்டு.

கீழ்வீட்டுக்காரி தன்னுடைய பழைய துவக்கை எங்களுக்குத் தந்துவிட்டுப் புதிது வாங்கினாள். வீட்டுக்குள் அது வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஈரக்குலை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஊரிலே துவக்கு என்றால் லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் இருந்தாலும் ஒருநாள் கொண்டுவந்து பொலிசில் ஒப்படை என்பார்கள். ஒன்றுமில்லாமல் பிடிபட்டால் ஆளே இல்லை. ஆகவே அடுத்தநாள் காலை துவக்கை என் பழைய நூல்சீலையில் சுற்றி, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு, பிரேதம் தூக்குகிற மாதிரி பொலிஸ் நிலையத்துக்கு நடந்தோம். பதிய வேண்டாமோ?

சீலையை அவிழ்த்தபோது மேசைக்குப் பின்னாலிருந்த பொலிஸ்காரர் எழும்பிவிட்டார். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். துவக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூவரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் இதை வைத்திருக்க ஒரு அனுமதியும் தேவையில்லையாம், இனிமேல் தயவுசெய்து துவக்கோடு பொலிசுக்குள் நுழைய வேண்டாமாம். என் மனுசன் நம்பவில்லை. “சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவாங்கள், நாளைக்கு வந்து பிடிப்பாங்கள்” என்று, அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். அந்த மனிதர் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். அந்தத் துண்டு எங்கள் அகதிக் கடதாசிகளோடு ஒன்றாக, அவற்றைக் கோத்து வைக்கும் கோவையில் ஏறியது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கழகம்தான். நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவேன், சுட முதலே அது முடிந்துவிடும். எங்கள் ஒரே பிள்ளைக்கு அப்போது வயது காணாது. கதிரையில் இருந்து எனக்குப் புள்ளி எண்ணுவாள், தகப்பனுக்கு எண்ண ஒன்றும் இராது.

எண்பத்தேழாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு மத்தியானம் எங்கள் முன்னறைச் சன்னலுக்கு யாரோ கல்லெறிந்தார்கள். பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு விடும். நான் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை முடிந்து வர நாலு மணி. தகப்பன் கம்பித் தொழிற்சாலையில். அந்த மூன்று மணித்தியாலமும் பிள்ளை வீட்டில் தனிய இருப்பாள். கல் வந்து விழுந்தபோதும் தனியத்தான் இருந்தாள். வெளிநாட்டுக்காரர் வெளியே போகட்டும் என்று கீழே நின்று கத்தினார்களாம். நான் வந்தபோது கீழ்வீட்டுக்காரியின் கதவடிப் படியில், மடியில் புத்தகப்பையை வைத்துக்கொண்டு இருந்தாள். கையெல்லாம் குளிர்ந்திருந்தது.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கண்ணாடி புதிதாய்ப் போட்டாயிற்று. ஆனால் பிள்ளை தன்னுடைய வீட்டுக்குள் போகவில்லை. கழுத்தில் வீட்டுத் திறப்புத் தொங்கும், ஆனாலும் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை அந்தப் படியிலேயே இருப்பாள். என்னோடு உள்ளே வந்ததும் கதவை இரண்டு தரம் பூட்டுவாள், பிறகு பூட்டினதோ என்று இழுத்துப் பார்ப்பாள். வாயாடிப் பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு ‘ஓம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிட்டாள். ஒரு நாட்டை விட்டு ஓடிவந்தது இந்தப் பிள்ளை ஒரு வீட்டுக்குள் பயமில்லாமல் இருக்கட்டும் என்றுதானே?

“காஸ் பிஸ்டல் ஒண்டு வாங்குவம்” என்றார் என் மனுசன். கைத்துப்பாக்கி மாதிரியே இருக்கும், சுட்டால் சத்தமும் கண்ணெரிகிற புகையும் மட்டும்தான் வரும். தொழிற்சாலையில் இரண்டு பேர் வைத்திருந்தார்களாம். “செருப்புத் தட்டுக்குப் பக்கத்து மேசை லாச்சியில கிடக்கட்டும். ஆரும் வந்தால் பிள்ளை எடுத்துக் காட்டினால் காணும், ஓடியிடுவாங்கள்.”

“ஓடாட்டில்?” என்று கேட்டேன்.

“ஓடுவாங்கள்.”

“உங்களுக்கென்ன விசரோ? அவன் உண்மையான துவக்கெண்டு நினைச்சு ஒரு பொல்லாலை அடிச்சால், பன்னிரண்டு வயசுப் பிள்ளை பிறகென்ன செய்யும்? பொலிஸ் வந்து அவளின்ர கையில அதைக் கண்டால்?”

“அப்ப உம்மட யோசனை என்ன?”

என்னுடைய யோசனை பாரமில்லாத இன்னொரு காற்றுத் துவக்கு. இருந்தது என் தோளுக்கே இழுக்கிற பாரம். பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது, தாய் தகப்பன் கையெழுத்து வைத்தால் கழகத்தில் சுடலாம். மூச்சைப் பிடித்து, காலை ஊன்றி, ஒரு புள்ளியைப் பார்த்து நிற்கப் பழகின பிள்ளை படியில் குந்தியிராது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதைச் சொன்னபோது அவர், “கள்ளன் வந்தால் கடதாசியிலயோ சுடுறது?” என்று கேட்டார். கோதாரி, எனக்கு ஏறிவிட்டது. அதோடு பேச்சு நின்றது. “அப்பாவிட்டச் சொல்லு, சோறு ஆறுதாம்.” “அம்மாவிட்டச் சொல்லு, பசியில்லையாம்.” இரண்டு முழத்தில் இருக்கிற ஆட்களுக்கு நடுவில் அந்தப் பிள்ளை தூது போனாள். ஏற்கெனவே ஒடுங்கிப்போன பிள்ளை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம்.

மூன்றாம் கிழமை ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போய்ப் பார்த்து முடிவெடுப்போம் என்று மூவரும் புறப்பட்டோம். தூண்டில், கத்தி, துவக்கு எல்லாம் விற்கிற கடை. அங்கத்தைய எல்லாத் தமிழ் வீடுகளையும் போல எங்கள் வீட்டிலும் மொழிபெயர்ப்பாளர் பிள்ளைதான். ஆஸ்பத்திரிக் குசினிப் பெண்களோடு வாய்காட்டி நான் பழகியிருந்த ஜேர்மன் பாசை, டொச், எனக்குக் காணும். என் மனுசனுடைய டொச் ‘யா, யா’வோடு முடிந்தது என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனுசன், புது மொழி எங்கே ஏறப் போகிறது?

கடைக்காரர் ஒரு துணியை விரித்து அந்தப் பிஸ்டலை வைத்தார். கறுப்பு, குறுகல், பார்வைக்கு அசல். என் மனுசன் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளையோ ஒரு அடி பின்னால் போய் என் கோட்டைப் பிடித்தாள். ஊரில் எங்கள் வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரன் ஒருவன் இப்படியொன்றைத்தான் கையில் வைத்திருந்தான். அன்றைக்கும் இதே மாதிரித்தான் என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது அவளுக்கு. மூன்று கிழமையாக நானும் அவரும் அடிபட்டோமே, இந்தச் சாமானோடு ஒரே வீட்டுக்குள் தனிய இருக்கப் போகிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

“இதுக்கு என்ன கடுதாசி வேணுமெண்டு கேள் பிள்ளை” என்றார் தகப்பன்.

பிள்ளை கேட்டாள். பதினெட்டு வயது முடிந்தால் காணும், அடையாளத்துக்கு ஏதாவது காட்டினால் இப்போதே கொண்டுபோகலாம் என்று கடைக்காரர் ஆறுதலாக, தெளிவாகச் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

பிள்ளை கோட்டை விட்டாள். தலையை நிமிர்த்தித் தகப்பனுடைய கண்ணைப் பார்த்தாள்.

“எங்கட விசாக்கு இது தரேலாதாம் அப்பா” என்றாள்.

ஐயோ கடவுளே! என்ன துணிச்சல்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். என் மனுசன் பிள்ளையைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், பிறகு பிஸ்டலைத் துணியில் திருப்பி வைத்தார். “எனக்குத் தெரியும், இந்த நாட்டில கடுதாசி இல்லாமல் ஒண்டும் நடவாது” என்றார். காற்றுத் துவக்குக்கே பொலிசில் துண்டு வாங்கின மனுசன், நம்பாமல் விடுவாரோ என்று நான் நினைத்தேன்.

பிறகு காற்றுத் துவக்குகளைப் பார்த்தோம். இந்தக் காரியத்தில் ஒருவரையும் நான் வாய் திறக்க விடவில்லை. முதலாவது பார்வைக்கு வடிவு, ஆனால் முன்பக்கம் சரிகிற பாரம். இரண்டாவதில் தோளில் முட்டுகிற கட்டை நீளம், பிள்ளையின் விரல் விசைக்கு எட்டவில்லை. மூன்றாவதைத் தோளில் வைத்தபோது கன்னம் தானாகவே போய்க் கட்டையில் படிந்தது, முழங்கை விலாவில் ஊன்றியது. “இது” என்றாள். தகப்பன் கேட்டார், “இதுக்கு மட்டும் எங்கட விசா காணுமோ?” அவள் கண் இமைக்காமல், “ஓம், காணுமாம்” என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுட்டோம். மற்ற நாட்களில் இரண்டு துவக்கும் அலுமாரிக்குள் பூட்டி இருக்கும், குண்டும் திறப்பும் என் கைப்பைக்குள். வார நாட்களில் அவள் இன்னும் படியில்தான் இருந்தாள். அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரியின் கதவில் வண்ணம் பூசின வட்டப் பலகை ஒன்று தொங்கும். அவள் போட்டியில் வென்று வந்தது. வென்றவர்கள் இலக்குப் பலகையை வீட்டில் தொங்கவிடுவது இங்கத்தைய வழக்கம். “இதைக் கண்டால் எந்தக் கள்ளன் மணி அடிப்பான்?” என்று ஒருநாள் பிள்ளைக்குச் சொல்லிச் சிரித்தாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, பிள்ளையுடைய பத்துக் குண்டும் நடுவட்டத்தில் ஒரே ஓட்டையாக விழுந்தது. சனம் கை தட்டியது. எனக்குக் கூட அப்படி ஒருநாளும் விழுந்ததில்லை, இதை ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அடுத்தநாள் நாலு மணிக்கு வேலையால் வந்தேன். படியில் பிள்ளை இல்லை. இரண்டு மாடியையும் எப்படி ஏறினேனோ தெரியாது. திறப்பைப் போடக் கதவில் கை வைத்தேன், அது பூட்டாமலே சாத்தியிருந்தது. பிள்ளை முன்னறையில் சன்னலுக்குப் பக்கத்து மேசையில் பாணுக்குச் சம்பல் வைத்துத் தின்றுகொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். கல் வந்த அதே சன்னல். புதுக் கண்ணாடியில் இரண்டு இலக்குக் கடதாசிகள் தெருவைப் பார்க்க ஒட்டியிருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது.

“அப்பான்ரயை ஏன் ஒட்டேல்லை?” என்று கேட்டேன்.

“அது கள்ளரைக் கூப்பிடும்” என்றாள்.

ஆறு மணிக்கு என் மனுசன் வந்தார். சப்பாத்துக் கழற்றாமலே போய்ச் சன்னலைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் வந்து, நான் கறி துழாவுகிற இடத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இஞ்சரும், அண்டைக்குக் கடைக்காரன் பதினெட்டு வயசெண்டால் காணும் எண்டுதானே சொன்னவன்?”

அகப்பையைச் சட்டியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். “உங்களுக்கு விளங்கினதோ?”

“நாலு வருசமாய்த் தொழிற்சாலையில டொச்சிலதான் போர்மனிட்டப் பேச்சு வாங்கிறன். விளங்காதோ?”

“பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?”

அவர் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினார். “கல்லெறிஞ்ச நாள் தொடக்கம் பிள்ளை என்ர முகத்தைப் பாத்துக் கதைச்சது அண்டைக்குத்தான்” என்றார். “பொய்யெண்டாலும் நிமிந்து நிண்டெல்லோ சொன்னவள்.”